உத்தரவிட்டேன்

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
26.06.2024

கமர் அக்காவுக்கு,

ரெங்கநாயகி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முந்தாநாள் பாலக்கரையில் உங்கள் வீட்டு வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். புருஷன் போன பிறகு மெஹ்ரீன் வெளியே வராமல் இருந்த இத்தா முடிந்துவிட்டது என்று ஆபீஸில் ஜெயக்குமார் சொன்னார். இனிமேலாவது வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை மணியை அழுத்த வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டு போன மாதுளம் பழத்தை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்ப ஸ்ரீரங்கத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். போனிலும் என் நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் தபால்.

உங்கள் தம்பி ஜெகபர் சாதிக் அரியமங்கலத்தில் போலீஸ் சுட்டு இறந்து நாலு மாதம் தாண்டிவிட்டது. அன்றைக்கு அங்கே சட்டம் ஒழுங்கு பொறுப்பில் இருந்த துணைத் தாசில்தார் நான். சுடுவதற்கான உத்தரவில் இருப்பது என் கையெழுத்து. இதை மறுக்க நான் எழுதவில்லை.

ஆனால் அக்கா, நீங்கள் அன்று அங்கே இல்லை. டிப்பர் லாரி ஏறி லேத் பட்டறை அற்புதசாமி செத்தது கொடுமைதான். டிரைவரை ஸ்டேஷனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்று பேச்சுப் பரவியதும், மறியல் செய்த ஜனங்கள் கல்லைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஜீப்பைக் கொளுத்தினார்கள். ஏட்டு பெனடிக்டுக்கு இடது கண் போய்விட்டது. சொசைட்டி கட்டடத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நானும் இரண்டு வி.ஏ.ஓ.க்களும் உட்கார்ந்திருந்தோம். ஷட்டரில் கல் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மைக்கில் மூன்று தடவை எச்சரித்தார்கள், கண்ணீர்ப்புகை போட்டார்கள், தடியடி நடத்தினார்கள். அதற்கப்புறம் வேறு என்ன செய்ய முடியும்? சுட்டிருக்காவிட்டால் இன்னும் நாலு பேர் செத்திருப்பார்கள். அந்த நாலில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன்.

சாதிக் அங்கே இருந்தது பெருமாள் மேல் ஆணையாக எனக்குத் தெரியாது. எங்கள் மொட்டைமாடிக் கதவை வெல்டிங் வைத்துக் கொடுத்தவன். என்னை ரெங்காக்கா என்று கூப்பிடுவான். தெரிந்திருந்தால் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அந்த வரியை முடிக்கத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6 அன்று விசாரணை ஆணையத்தில் என் சாட்சியம். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கதவைத் திறவுங்கள்.

ரெங்கநாயகி

---

பாலக்கரை
03.07.2024

அனுப்புநர்: கமர் ஜஹான், தட்டச்சர் (ஓய்வு)
பெறுநர்: செயல்துறை நடுவர் அவர்கள், ஸ்ரீரங்கம்

அம்மையீர்,

பொருள்: துப்பாக்கிச் சூடு நியாயமே எனத் தாங்கள் எழுதியது – மறுப்பு – தொடர்பாக.
பார்வை: தங்களின் 26.06.2024 நாளிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. படித்தேன். கிழிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்த கை, கிழிக்க வரவில்லை.

எச்சரித்தோம், புகை போட்டோம், அடித்தோம், சுட்டோம். அடடா, என்ன வரிசை! சுட்டால் முழங்காலுக்குக் கீழே சுட வேண்டும் என்று நான்தானே உங்களுக்கு எத்தனையோ அறிக்கை அடித்துக் கொடுத்தேன்? என் தம்பிக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். பிரேதப் பரிசோதனைச் சான்றில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதுகைக் காட்டுகிறவன் யார்? கலைந்து போகிறவன்தானே? கலைந்து போ என்று மைக்கில் சொன்னதும் நீங்கள், கலைந்து போனவனைச் சுட்டதும் நீங்கள். இதில் எங்கே நியாயம் ஒளிந்திருக்கிறது? எடுத்துக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.

பெனடிக்டின் கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மனுஷன் கண் போனதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்தீர்களா? ஒரு கண்ணுக்கு ஓர் உயிரா? எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

சரி, அதை விடுங்கள். உங்கள் உத்தரவின் நகலை வக்கீல் எனக்கு அனுப்பினார். நாலு வரிதான். நாற்பது தடவை படித்தேன். கடைசி வரி இது: "கூட்டம் கலைந்து செல்லாததால், உயிர்களையும் உடைமைகளையும் காக்கும் பொருட்டு துப்பாக்கிச் சூடு நடத்த உத்தரவிட்டேன். நேரம் மாலை 4.40."

உத்தரவிட்டேன்!

நான் அடித்த ஆணைகள் ஒரு லாரி தேறும். "உத்தரவிடுகிறேன்" என்று அடித்திருக்கிறேன், "உத்தரவிடப்படுகிறது" என்று அடித்திருக்கிறேன். இனிமேல் நடக்கப்போகிற காரியத்துக்கு எந்த மடையனும் "உத்தரவிட்டேன்" என்று எழுதமாட்டான். எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத்தான் அந்த "ட்டேன்" வரும். அம்மையீர், 4.40க்கு அந்தத் தாள் பிறக்கவே இல்லை. எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்?

இதற்குப் பதில் வந்தால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கமர் ஜஹான்

---

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
14.07.2024

கமர் அக்காவுக்கு,

சாயங்காலம் ஏழே கால் மணிக்கு.

இதை எழுதப் பத்து நாள் ஆயிற்று. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. நீங்கள் என்னை "அம்மையீர்" என்று எழுதினது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் முழுக்கவே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷனில் டி.எஸ்.பி.யின் மேஜைமேல் தாள் தயாராக இருந்தது. அவர்கள் எழுதியதுதான். படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் பொய். படித்துவிட்டுத்தான் போட்டேன். "டைம் மட்டும் நாங்க போட்டுக்கறோம் மேடம்" என்றார். பேனாகூட அவருடையது. வீட்டுக்கு வந்து டி.வி.யில் பெயர் பார்த்தபோதுதான் செத்தது சாதிக் என்று தெரிந்தது.

தாள் மட்டும் அப்புறம் வந்தது, வாயால் முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்றாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. அக்கா, நான் உத்தரவே கொடுக்கவில்லை.

டி.எஸ்.பி. போன் செய்தபோது வெளியே ஒரே கூச்சல். உள்ளே ஷட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. "கைமீறிப் போச்சு மேடம்" என்றார். அப்புறம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கடைசியில் "போலாமா?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஃபயரிங் போலாமா" என்று கேட்டாராம். எனக்குப் "போலாமா"தான் விழுந்தது. பின்பக்க வழியாக எங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் வாயில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

"ஆகட்டும்" என்றேன்.

கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பட்பட்டென்று சத்தம் கேட்டது. ஜீப் டயர் வெடிக்கிறது என்று வி.ஏ.ஓ. சொன்னார். நானும் நம்பினேன்.

வெட்கக்கேடு என்பது இதுதான். ஆனாலும் சுட்டது தப்பு என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அந்த ஷட்டருக்குள் இருந்தவளால் அப்படி எழுத முடியாது. யாராவது அந்தக் கூட்டத்தை நிறுத்தத்தானே வேண்டும்?

ரெங்கநாயகி

---

பாலக்கரை
19.07.2024

ரெங்கா,

ஆகட்டும்!

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும். பக்கத்து அறையில் மெஹ்ரீன் இருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் அழுதேன்.

ஆபீஸில் உனக்கு "ஆகட்டும் மேடம்" என்று பெயர் வைத்ததே நான்தான். மனு எடுத்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் "ஆகட்டும்" என்பாய். அவர்கள் காரியம் முடிந்தது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, "இப்போதைக்கு இடத்தைக் காலி பண்ணு" என்று அர்த்தம். எனக்குத் தெரியும். டி.எஸ்.பி.க்குத் தெரியுமா? அந்த ஆள் மதுரையிலிருந்து வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை.

உன்னை மன்னிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. காது கேட்காததற்கு உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். ஏழே கால் மணிக்குக் காது நன்றாகக் கேட்டதே, கண்ணும் தெரிந்ததே? "நான் சொல்லவே இல்லை சார், இது தப்பு" என்று எழுந்து வந்திருக்கலாமே? உன் வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். நீ அதைச் சரி என்று கையெழுத்துப் போட்டு உறுதி செய்தாய்.

கூட்டத்தை யாராவது நிறுத்தத்தானே வேண்டும் என்று கேட்கிறாய். நிறுத்தட்டும். நான் வேண்டாம் என்று சொன்னேனா? ஆனால் சுடுவது அவ்வளவு நியாயமான காரியமாக இருந்தால் நேரத்தை ஏன் திருத்துகிறார்கள்? நியாயம் செய்தவன் கடிகாரத்தை ஏன் திருப்பி வைக்கிறான்? இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எனக்கு எழுதினதை 6ஆம் தேதி ஆணையத்தில் சொல். "போலாமா" என்றது, "ஆகட்டும்" என்றது, ஏழே கால் மணி, எல்லாவற்றையும். மெஹ்ரீனின் பெண் பிள்ளைக்குப் பத்து வயசு ஆகிறது. அத்தா கலவரக்காரரா என்று ஸ்கூலில் கேட்கிறார்களாம். அவளுக்கு ஒரு பதில் வேண்டும். உன்னிடம்தான் இருக்கிறது.

கமர்

---

ஸ்ரீரங்கம்
04.08.2024

கமர் அக்காவுக்கு,

"ரெங்கா" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நேற்று டி.எஸ்.பி. வீட்டுக்கு வந்தார். காபி சாப்பிட்டார். "நீங்க ஒரு வார்த்தை மாத்தினீங்கன்னா எங்க பசங்க ஆறு பேர் உள்ள போவாங்க மேடம். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போன பிறகு இவர் சொன்னார்: "இன்னும் ஏழு மாசம் சர்வீஸ். நீ யாரு, அரிச்சந்திரன் பெண்டாட்டியா? பேசாம பேப்பர்ல இருக்கறதைச் சொல்லிட்டு வந்துடு."

காலையில் தாயார் சன்னதியில் நின்றேன். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. பேசத் தைரியம் கொடு என்று கேட்பதா, யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பார்த்துக்கொள் என்று கேட்பதா? இரண்டாவதைத்தான் கேட்டேன். உங்களிடம் மறைத்து என்ன?

ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நீங்கள் ஹாலுக்கு வராதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்யும் வராது, உண்மையும் வராது.

ரெங்கா

---

பாலக்கரை
12.08.2024

ரெங்கா,

வந்தேன். நீ வராதே என்று எழுதினால் நான் வராமல் இருப்பேனா? கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஏழே கால் மணி என்றாய். "போலாமா" என்றது, "ஆகட்டும்" என்றது, எல்லாவற்றையும் சொன்னாய். ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவனை அறையலாம் போல இருந்தது. டி.எஸ்.பி. எழுந்து வெளியே போனார். மெஹ்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் நீ தப்பித்திருப்பாய். பாவம், காது கேட்காத பொம்பளை என்று ஊர் பேசியிருக்கும். எங்கள் வக்கீல் விடவில்லை. "சரி அம்மா, அவர் கேட்டது உங்களுக்குச் சரியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்றார். தண்ணீர் குடியுங்கள் என்று நீதிபதி சொன்னார். நீ குடிக்கவில்லை.

"அதேதான் சொல்லியிருப்பேன்" என்றாய். "பயமா இருந்தது. யாரையாவது சுட்டு இதை நிறுத்தினா போதும்னு இருந்தது."

ரெங்கா, நான் அந்த இடத்திலேயே உன்னை வெறுத்தேன். உன்மேல் எனக்கு மரியாதை வந்ததும் அந்த இடத்தில்தான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது இல்லை.

மறுநாள் என் முறை. உனக்குத் தெரியாது, நீ வரவில்லை. 4.35க்கு சாதிக் போனிலிருந்து எனக்கு வந்த அழைப்பைக் காட்டினார்கள். நாற்பது விநாடி. "உங்க தம்பி என்ன பேசினார்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"மெஹ்ரீனுக்கு மருந்து வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வரேன்க்கான்னு சொன்னான்" என்றேன்.

பொய். குர்ஆன் மேல் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்.

அவன் பேசினது இதுதான்: "அக்கா, ஒரு போலீஸ்காரன் மண்டைய ஒடச்சிட்டேன்க்கா. மொகமெல்லாம் ரத்தம். எனக்குக் கை நடுங்குது. என்னக்கா பண்றது?" நான் சொன்னேன்: "ஓடி வாடா. ஒண்ணும் யோசிக்காத, வீட்டுக்கு ஓடி வா." அதனால்தான் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். ஓடச் சொன்னது நான்.

அவன் கல் பட்ட பெனடிக்ட் முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஹ்ரீனும் பெண்ணும் இந்தப் பக்கம். நான் யாரைப் பார்த்துப் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் சொன்னதும் அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை உண்மை சொல்லச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினவள், கூண்டில் ஏறி ஐந்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போதும் சொல்கிறேன், அவனைச் சுட்டது அநியாயம். கல் எறிந்தவன்தான். பயந்து ஓடினவனும் அவன்தான். கல் எறிந்த கையைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். நானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேனா? அதுவும் இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

உன் மேல் இப்போது இலாகா நடவடிக்கை வரும் என்று ஜெயக்குமார் சொன்னார். இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். என் கையெழுத்து, என் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. நீ பயந்ததற்குக் காரணம் இருந்தது என்று இதைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். வேண்டுமானால் ஆணையத்தில் கொடுத்துவிடு. நான் மறுக்கமாட்டேன்.

கமர்

---

ஸ்ரீரங்கம்
20.08.2024

கமர் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. நம்புங்கள்.

சஸ்பெண்ட் ஆணை நேற்று வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், "பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்" என்று நிகழ்காலத்திலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தால் குறை சொல்லமாட்டீர்கள். இவர் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அது பரவாயில்லை.

பெனடிக்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைலாசபுரத்தில் மச்சினன் வீட்டில் இருக்கிறாராம். என் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் அவருக்குச் சொன்னதாக ஆகாது. போக வேண்டுமானால் நீங்கள்தான் போக வேண்டும். துணைக்கு வா என்றால் வருகிறேன், தெருமுனையில் நிற்கிறேன். போகாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

கடிதம் வந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். "மண்டைய ஒடச்சிட்டேன்க்கா" என்ற வரி வந்தது. அக்கா, எனக்குள் "அப்பாடா" என்று இருந்தது.

மூச்சு நன்றாக வந்தது. தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆறு மாதமாகப் பிடிக்காத சாப்பாடு அன்றைக்குப் பிடித்தது. சும்மா நின்றவனை இல்லை, கல் எறிந்தவனைத்தான் என்று மனசு குதித்தது. அடுத்த வரியில் அவனுக்குக் கை நடுங்கினது இருந்தது. அதற்கடுத்து நீங்கள் ஓடி வா என்றது இருந்தது. அதையெல்லாம் நான் அப்போது படிக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்.

சாதிக்கை எனக்கு அவன் வெல்டிங் கற்றுக்கொண்ட நாளிலிருந்து தெரியும். அவன் தப்பு செய்தான் என்று தெரிந்ததும் எனக்குப் பசித்தது.

சுட்டது நியாயமா என்று நாம் இரண்டு பேரும் இத்தனை கடிதம் எழுதிவிட்டோம். இனி ஆணையம் பார்த்துக்கொள்ளும். எத்தனை மணி, யார் சொன்னது, எந்தப் பக்கம் குண்டு நுழைந்தது என்று அவர்கள் எழுதுவார்கள். அடுப்படியில் நின்று எனக்கு என்ன தோன்றிற்று என்று யாரும் கேட்கப்போவதில்லை. யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதிவிட்டேன்.

ரெங்கா